கில்மோரன் தபால்நிலையத்தில் கெட்டில் இல்லை

டப்ளின்
14 நவம்பர் 2011

மதிப்பிற்குரிய மிஸ் கன்செப்டா டெவனி அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை அடுப்பில் போடத்தான் உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து பொறுங்கள். உள்ளே இருக்கும் படிவம் கில்மோரன் விழாக் குழுவுடையது. நான் வெறும் தபால்காரன்.

வரும் பிப்ரவரி 11, சனிக்கிழமையோடு உங்கள் தங்கை ஹானர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அன்று மாலை உங்கள் ஊர் மண்டபத்தில் அவள் வாழ்க்கையைக் கொண்டாட வேண்டும் என்று குழுவின் செயலர் டெக்லன் ரூவன் கேட்டிருக்கிறார். இங்கே ஒரு மதுக்கடையின் மாடியில், மாதத்தின் முதல் வியாழக்கிழமைகளில், இருபது வருடம் அவள் எப்படிப் படித்தாளோ அதே மாதிரி நடத்தப் போகிறோம். அவள் கதையில் ஒரு பக்கம், பிறகு எங்கள் மூவரின் ஜாஸ் கொஞ்சம், மறுபடி ஒரு பக்கம். பியானோவில் நான். டிரம்ஸுக்கு ஃபினியன் வருகிறான். டபுள் பேஸ் வாசிப்பவர் கோல்வேக்காரர். கைதட்டத் தெரியாத ஊர் என்று ஹானர் சொல்வாள், பார்க்கலாம்.

அவள் உயில் எழுதவில்லை. நாங்கள் திருமணமும் செய்துகொள்ளவில்லை. ஆகவே அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் சட்டப்படி உங்களுடையது. உங்கள் கையெழுத்து இல்லாமல் மேடையில் ஒரு பத்திகூடப் படிக்க முடியாது என்று குழு சொல்கிறது. படிக்கப்போகும் ஆறு கதைகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன். ஆறாவது எது என்று நீங்கள் பார்க்காமலே ஊகித்திருப்பீர்கள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

மலக்கி டூஹி


கில்மோரன், மேயோ
19 நவம்பர் 2011

திரு. டூஹி,

படிவம் கிடைத்தது. ஐந்து கதைகளுக்கு அனுமதி உண்டு. ஆறாவதை, அதாவது ‘கெட்டில்’ என்ற கதையை, சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அது இந்த ஊரில் படிக்கப்படாது. காரணம் உங்களுக்கே தெரியும். மறந்துவிட்டதென்றால் கில்மோரனில் ஐம்பது வயது தாண்டிய யாரையும் நிறுத்திக் கேளுங்கள்.

இன்னொன்று. அன்று மாலை ஏழு மணிக்கு ஹானரின் ஆண்டு நினைவுப் பூசை. போன மார்ச் மாதமே பங்குச் சாமியாரிடம் பதிந்துவிட்டேன். உங்கள் டிரம்ஸ் சத்தம் கோவிலுக்குள் கேட்கக் கூடாது. எட்டரைக்கு மேல் தொடங்கிக்கொள்ளுங்கள்.

படிவத்தில் உங்கள் பெயருக்குக் கீழே ‘எழுத்தாளரின் வாழ்க்கைத் துணைவர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதையும் அடித்துவிட்டு ‘பியானோ’ என்று எழுதியிருக்கிறேன். அதுதான் எல்லோருக்கும் புரியும்.

கன்செப்டா டெவனி


டப்ளின்
25 நவம்பர் 2011

மிஸ் டெவனி,

சிவப்பு மை நன்றாக இருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை நடுங்காமல் அடிக்கிறீர்கள்.

அடிப்பது உங்களுக்குப் பழக்கம்தான். அவள் இறந்த மறுநாள் செய்தித்தாளிலும் உள்ளூர் வானொலியிலும் மரண அறிவிப்பு வந்தது. அக்கா கன்செப்டா, மாமன் மகள்கள், அக்கம்பக்கத்தார், நண்பர்கள் எல்லோரும் துயருறுகிறார்கள் என்று சொன்னார்கள். மருத்துவமனை நர்ஸ்களுக்கு நன்றி என்றார்கள். அவளோடு இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவன் பெயர் இல்லை. சமையலறையில் அவளுடைய மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி கேட்டேன். இரண்டு முறை படித்தார்கள், இரண்டு முறையும் இல்லை.

கோவிலில் முதல் வரிசை குடும்பத்துக்கு. எனக்கு அங்கே இடமில்லை. பூசை முடிந்ததும் ஊரே வரிசையில் வந்து உங்கள் கையைப் பிடித்து வருத்தம் சொல்லிப் போனது. நானும் அந்த வரிசையில் நின்றேன் மிஸ் டெவனி. எனக்கு முன்னால் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்பவர். பின்னால் திரும்பி, “உங்களுக்கு அவங்களை எப்படித் தெரியும்?” என்று கேட்டார். “இசை மூலமா” என்றேன். என் முறை வந்தபோது உங்கள் கையைப் பிடித்து, “உங்க துயரத்துக்கு வருந்துறேன்” என்று நான் சொன்னேன். நான், உங்களுக்கு. நீங்கள் “நன்றி” என்று சொல்லிவிட்டு அடுத்தவர் கையைப் பிடித்தீர்கள்.

இப்போது ‘கெட்டில்’. அதை விட்டுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் அது என் கதை. 1983 மார்ச்சில், அவள் உங்கள் அப்பாவுக்குப் பணிவிடை செய்யக் கில்மோரன் வந்திருந்தபோது, அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோபன்ஹேகனில் ஒரு வாத்தியக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது, என்னோடு வா, ஈஸ்டருக்குள் பதில் போடு என்று. பதில் வரவில்லை. தனியாகப் போனேன். நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, அப்படி ஒரு கடிதம் தன் கைக்கே வரவில்லை என்றாள். அந்த ஊர்த் தபால்நிலையத்தை யார் நடத்தினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கைக்கு வந்த கடிதத்தைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து, படித்து, ஒளித்துவைக்கிற அக்காவைப் பற்றி அவள் கதை எழுதினாள். அதைவிடப் பத்து மடங்கு கடுமையாக எழுதியிருக்கலாம்.

அந்தக் கதையை உங்கள் ஊரில், உங்கள் முகத்துக்கு நேராகப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

மலக்கி டூஹி


கில்மோரன்
2 டிசம்பர் 2011

திரு. டூஹி,

மரண அறிவிப்பில் உங்கள் பெயரை விட்டது நான்தான். சவ அடக்கக்காரர் தொலைபேசியில் கேட்டார், “அந்த டப்ளின்காரர் பேரைப் போடணுமா?” என்று. “வேண்டாம்” என்றேன். யாரும் மறக்கவில்லை. தெரிந்தே செய்தேன். ஏன் என்று கேளுங்கள்.

கில்மோரன் தபால்நிலையத்தில் நான் இருபத்தைந்து வருடம் இருந்தேன். அங்கே கெட்டில் இருந்ததே இல்லை. அடுப்பும் இல்லை. வீட்டிலிருந்து பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோவேன், நான்கு மணிக்கு அது ஆறிப்போய்விடும். யாருடைய கடிதத்தையும் நான் பிரித்ததில்லை. அமெரிக்காவிலிருந்து மகன் பணம் அனுப்பினானா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி, எழுத்துப் படிக்கத் தெரியாத கிழவர்கள் உறையை நீட்டுவார்கள். அவர்கள் கையாலேயே கிழிக்கச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன்.

1989-இல் அவள் புத்தகம் வந்தது. கதையில் ஊர்ப் பெயர் வேறு, அக்காவின் பெயர் வேறு. ஆனால் அந்த அக்காவுக்கு என் மூக்கு, என் பச்சைக் கம்பளிச் சட்டை, என் இருமல். ஒரு வாரத்தில் எல்லோரும் படித்துவிட்டார்கள், புத்தகமே வாங்காதவர்கள்கூட. முதலில் கில்காலன் வீட்டு அம்மா ஒன்பது மைல் பஸ் ஏறி ராத்னாக் போய்க் கடிதம் போட்டுவிட்டு வந்தார். அப்புறம் மற்றவர்கள். என் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இந்த ஊர் வழக்கம். தபால் தலை மட்டும் வாங்குவார்கள், “மழை வரும்போல இருக்கு கன்செப்டா” என்பார்கள், கடிதத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போவார்கள். ஐந்து வருடத்தில், போதிய தபால் இல்லை என்று மேலிடம் என் தபால்நிலையத்தை மூடியது.

ஹானரிடம் கேட்டேன். “அது கதைதானே கன்செப்டா” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை அவள் போடுவாள், ஒரு அட்டை நான் போடுவேன். ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

இதையெல்லாம் அவளே செய்திருந்தாலும் போகட்டும், அவள் என் ரத்தம். உங்களை எதற்கு மன்னிக்க வேண்டும்? 1996-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டிருந்தேன். வானொலியில் அவள் குரல், ‘கெட்டில்’ படிக்கிறாள். கெட்டில் கொதிக்கிற இடம் வந்ததும் டிரம்ஸ்காரர் கம்பிப் பிரஷ்ஷை டிரம்மின் தோலில் தேய்த்து ‘உஸ்ஸ்’ என்று ஆவிச் சத்தம் எழுப்பினார். நீங்கள் பியானோவில் குட்டி குட்டியாக என் நடையை வாசித்தீர்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டினியாகப் போய்ப் படுத்தேன்.

உங்கள் பெயரை ஏன் விட்டேன் என்று இப்போது தெரிகிறதா?

கன்செப்டா டெவனி


டப்ளின்
9 டிசம்பர் 2011

மிஸ் டெவனி,

சிரிப்பு வர வேண்டிய இடம்தான் அது. ஃபினியனின் பிரஷ் சத்தத்துக்கு எங்கே போனாலும் கைதட்டல் கிடைக்கும்.

கெட்டில் இல்லை, அடுப்பு இல்லை, பிளாஸ்க்தான் என்கிறீர்கள். பிளாஸ்கிலும் ஆவி வரும். கையும் களவுமாகப் பிடிபட்ட யாரும் ‘ஆமாம், எடுத்தேன்’ என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. பிப்ரவரியில் ஈமச்சடங்கு முடிந்த மறு வாரம், நான் ஒத்திகைக்குப் போயிருந்தபோது ஒரு வேனோடு வந்து அவள் காகிதங்களை ஏழு பெட்டியில் அள்ளிக்கொண்டு போனீர்கள். பக்கத்து வீட்டுக்காரி சாவி கொடுத்தாளாம். திரும்பி வந்தபோது அவள் மேசை காலியாக இருந்தது. ஒன்பது மாதமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள், பழைய தொழில் விட்டுப்போகுமா?

ஹானர் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட்டதில்லை. கசாப்புக்கடைச் சீட்டைக்கூட வைத்துக்கொள்வாள், பின்பக்கம் எழுதலாம் என்று. நீங்கள் அந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்திருந்தால் அது அந்தப் பெட்டிகளில்தான் இருக்க வேண்டும். தேடுங்கள். கிடைத்தால் அனுப்புங்கள். நான் பிப்ரவரி 11 அன்று உங்கள் ஊர் மண்டபத்தில், உங்கள் ஊர் மக்கள் முன்னால், அதை எடுத்துக் காட்டி, கன்செப்டா டெவனி கடிதத்தைக் கொடுத்தார் என்று சொல்கிறேன். என் வார்த்தை இது.

கிடைக்காவிட்டால், ‘கெட்டில்’ கதைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் வரிசையில் வந்து உட்காருங்கள். பிரஷ் சத்தத்தைப் பக்கத்தில் இருந்து கேட்கலாம்.

மலக்கி டூஹி


கில்மோரன்
6 ஜனவரி 2012

திரு. டூஹி,

ஏழு பெட்டியும் டேப் ஒட்டியது ஒட்டியபடி மாடி அறையில் இருந்தன. டப்ளினிலிருந்து வந்த நாள் முதல் நான் தொடவில்லை. நீங்கள் அவற்றைப் பத்திரிகைக்காரர்களுக்கு விற்றுவிடுவீர்கள் என்று பயந்து எடுத்துவந்தேன். படிக்க எடுத்துவரவில்லை. அடுத்தவர் காகிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்று எத்தனை முறை சொல்வது?

இன்று பெண்கள் கிறிஸ்துமஸ். ஊரில் இருக்கும் பெண்களெல்லாம் சமையலை வீட்டு ஆண்களிடம் விட்டுவிட்டு ஓட்டலில் கேக் தின்றுகொண்டு பேசுகிறார்கள். எனக்குச் சமையலை விட ஆள் இல்லை. ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் காகிதத்தைப் பிரித்தேன். உங்களால்தான். அது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நான்காவது பெட்டியில், மின்கட்டணச் சீட்டுகளுக்கு நடுவில் இருந்தது. உறையோடு அனுப்புகிறேன். பதிவுத் தபால்தான், ராத்னாக் போய்ப் போடுவேன், ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்வேன்.

முதலில் உறையைப் பாருங்கள். ஆவி காட்டிப் பிரித்த உறையின் மடிப்பு சுருங்கிப்போகும், பசை மஞ்சளாகும். தபால் வேலை பார்த்த யாரும் கையில் எடுத்ததும் சொல்வார்கள். இதன் மடிப்பு நீங்கள் நக்கி ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. மேல் ஓரத்தைக் கத்தியால் வெட்டியிருக்கிறது. அப்படி வெட்டித் திறப்பது எங்கள் வீட்டில் ஹானர் மட்டும்தான். அப்பா கிழிப்பார், நானும் கிழிப்பேன்.

பிறகு கடிதத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாவது தாளின் பின்பக்கம் பென்சிலில் அவள் எழுதியிருக்கிறாள். அது ‘கெட்டில்’ கதையின் தொடக்கம். வந்து சேராத கடிதத்தைப் பற்றிய கதையை, அந்தக் கடிதத்தின் முதுகிலேயே எழுதியிருக்கிறாள். ஓரத்தில் இருக்கும் மூன்று வரியை நான் இங்கே எடுத்து எழுத விரும்பவில்லை. உங்கள் கண்ணாலேயே படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தையும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். நானாக இருந்தால் போயிருப்பேன்.

கன்செப்டா டெவனி


டப்ளின்
20 ஜனவரி 2012

மிஸ் டெவனி,

பதில் எழுத இத்தனை நாளானதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முதலில் நீங்கள்தான் எழுதினீர்கள் என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன். அவளுடைய பழைய நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் கைதான். இவ்வளவு சாய்ந்து வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

‘மலக்கி திரும்பி வந்துவிட்டான். கடிதம் என்ன ஆச்சு என்று கேட்பான். வர மனமில்லை என்று அவனிடம் சொல்ல முடியாது, யார் தலையில் கட்டுவது?’ என்று எழுதி, அதன் கீழே உங்கள் பெயர். இரண்டு கோடு போட்டு.

கோபன்ஹேகனில் ஒவ்வொரு நாள் காலையும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். திரும்பி வந்து, அவள் “கைக்கே வரலை மலக்கி” என்று சொன்னபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். இருபத்திரண்டு வருடம் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நான் சாப்பிட்டேன், அந்தப் பக்கம் மின்கட்டணச் சீட்டோடு இது இருந்தது. நான் யாரோடு இருந்தேன் என்றே இப்போது தெரியவில்லை. உங்களை வெறுத்ததால்தான் அந்த நான்கு வருடத்தை என்னால் தாங்க முடிந்தது. அதையும் நீங்கள் பதிவுத் தபாலில் எடுத்துக்கொண்டு விட்டீர்கள்.

கச்சேரியை நிறுத்திவிடலாம் என்று டெக்லனிடம் சொல்லப் போகிறேன். அல்லது உங்கள் ஐந்து கதைகளைப் படித்துவிட்டு இறங்கிவிடுகிறோம். என் வார்த்தையை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். அவளுடைய நினைவு நாளில், அவள் பிறந்த ஊரில், மேடையேறி அவளைப் பொய்க்காரி என்று சொல்ல என்னால் முடியாது.

மலக்கி டூஹி


கில்மோரன்
23 ஜனவரி 2012

திரு. டூஹி,

முடியாது.

உயிரோடு இருப்பவளைத் திருடி என்று மாதாமாதம் மேடையில் சொன்னீர்கள். டிரம்ஸ் அடித்துச் சொன்னீர்கள். அப்போது உங்களுக்கு முடிந்தது.

‘கெட்டில்’ கதைக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். பூசை ஏழே முக்காலுக்கு முடியும். நான் வருகிறேன்.

கன்செப்டா டெவனி


டப்ளின்
14 பிப்ரவரி 2012

மிஸ் டெவனி,

நீங்கள் பாதியில் எழுந்து போய்விட்டதால் மிச்சத்தைச் சொல்கிறேன்.

பூசை முடிந்து நேராக வந்த கூட்டம். எல்லோரும் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஐந்து கதைகளுக்கு நன்றாகவே சிரித்தார்கள். ஹானர் சொன்னது தப்பு, உங்கள் ஊருக்குக் கைதட்டத் தெரிகிறது. நடுவில் ஒரு கிழவர் காலால் தாளம் போட்டார், மனைவி அவர் முழங்காலில் கை வைத்து நிறுத்தினாள்.

‘கெட்டில்’ வந்ததும் ஃபினியனைப் பிரஷ்ஷைக் கீழே வைக்கச் சொன்னேன். “வைக்கவா? கெட்டில் கொதிக்க வேணாமா?” என்றான். “கொதிக்க வேண்டாம்” என்றேன். இசை இல்லாமல் நானே படித்தேன். பிறகு உறையைக் காட்டினேன், மடிப்பைக் காட்டினேன், தாளைத் திருப்பி அந்த மூன்று வரியைப் படித்தேன். கன்செப்டா டெவனி கடிதத்தைக் கொடுத்தார் என்று சொன்னேன். நான் சொன்ன வார்த்தைப்படி சொன்னேன். அப்போதுதான் நீங்கள் எழுந்து போனீர்கள், ஒரு தலையசைப்புகூட இல்லாமல்.

நீங்கள் போனதும் கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னொரு குரல், “அடிப்பாவி, என்னமா ஏமாத்தியிருக்கா” என்றது. அது உங்களைச் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்த மெட்டைக் கடைசியில் வாசிப்பதாக இருந்தது. வாசித்தோம். யாரும் கேட்கவில்லை, பேசிக்கொண்டே சாண்ட்விச் மேசைக்குப் போய்விட்டார்கள்.

உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி நமக்குள் பேச ஒன்றும் இல்லை.

மலக்கி டூஹி


கில்மோரன்
27 பிப்ரவரி 2012

திரு. டூஹி,

பேச இருக்கிறது.

நான் ஏன் எழுந்து போனேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். காதில் விழுந்தபோது, அவள் போட்டோ மேடையில் இருந்தது. அந்தப் பல் தெரிகிற போட்டோ. அவளை அவ்வளவு கூட்டத்தில் தனியாக விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து என் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். ஆப்பிள் கேக் மூன்று, ரொட்டி நான்கு. ஃபிலோமினா கில்காலன், முதலில் ராத்னாக் பஸ் ஏறினாரே அந்த அம்மாவின் மகள், என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கம்மா உயிரோட இருந்தா உங்க கால்லயே விழுந்திருப்பாங்க கன்செப்டா” என்றாள். எனக்கு இனிக்கவில்லை என்று சொன்னால் பொய். நான்கு நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் நூலகத்துக்குப் போனேன். ஜன்னலில் அடுக்கியிருந்த அவளுடைய ஒன்பது புத்தகத்தையும் காணோம். நூலகப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, “ஆளுங்க ஒரு மாதிரி பேசுறாங்க” என்றாள். வாசிப்பறைக்கு ஹானர் பெயர் வைப்பதாக இருந்தார்கள், அதையும் ஒத்திவைத்துவிட்டார்கள். மற்ற எட்டுப் புத்தகத்தில் யார் யாரைப் பற்றி என்ன புளுகியிருக்கிறாளோ என்று ஆளாளுக்குத் தேடுகிறார்களாம்.

நேற்று ஞாயிறு. பத்து மணிப் பூசை முடிந்து கோவில் வாசலில் ஊரே நின்றது. ஃபிலோமினா சத்தமாகவே பேசினாள்.

“வாயைத் திறந்தா பொய் போல உங்க தங்கச்சிக்கு. எழுத்தாளராம்.”

“அவ பொய் சொல்லலை,” என்றேன்.

“என்ன கன்செப்டா? அந்தப் பியானோக்காரர் எல்லாத்தையும் காட்டினாரே?”

“நான்தான் பிரிச்சேன். பிரிச்சுப் படிச்சுட்டு, அப்பா செத்த பிறகு அவகிட்ட கொடுத்தேன். அவ எழுதினதுல ஒரு எழுத்து தப்பில்லை.”

சாமியார் கையில் இருந்த குடையைத் திறந்து மூடிக்கொண்டு நின்றார்.

“அப்ப அன்னிக்கு அவர் படிச்சது?”

“அவருக்கு அன்னிக்கு நிதானம் இல்லை. குடிச்சிருந்தார். பக்கத்துல இருந்த எனக்கு வாடை வந்துச்சு.”

நீங்கள் பன்னிரண்டு வருடமாக ஒரு சொட்டுத் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அட்டையிலும் வேறு செய்தி இருக்கிறதோ இல்லையோ, ‘மலக்கி இந்த வருடமும் தொடவில்லை’ என்று அவள் எழுதியிருப்பாள். தெரிந்தேதான் சொன்னேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஃபிலோமினா அவள் கேக் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு எழுபத்தொரு வயது. தபால்நிலையமும் இல்லை, என்னிடம் கடிதம் போட வருகிறவர்களும் இல்லை. என்னைப் பற்றி என்ன பேசினாலும் இன்னும் ஐந்தாறு வருடம். அவள் புத்தகம் அதற்கப்புறமும் இருக்க வேண்டும்.

நீங்கள் இதை மறுத்து யாருக்காவது எழுதினால் நான் ஒன்றும் செய்ய முடியாது. உறையும் தாளும் உங்களிடம்தான் இருக்கின்றன.

கன்செப்டா டெவனி


டப்ளின்
5 மார்ச் 2012

மிஸ் டெவனி,

நேற்று டெக்லன் ரூவன் தொலைபேசியில் கூப்பிட்டார். பாவம், நல்ல மனிதர், பத்து நிமிடம் வானிலை பற்றிப் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“ஊர்ல ஒரு பேச்சு அடிபடுது மலக்கி. கேக்கவே சங்கடமா இருக்கு. அன்னிக்கு மேடையில நீங்க...”

“ஆமா,” என்றேன். “குடிச்சிருந்தேன்.”

“சரி, அது போகட்டும். ஆனா அந்தத் தாள்? அவங்க கையெழுத்துதானே?”

“நான் எழுதினது. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தேன், அவ கையெழுத்து எனக்கு நல்லா வரும்.”

பிறகு, அடுத்த வருட விழாவுக்கு எங்களைக் கூப்பிட முடியாது என்று குழு முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். இன்று காலை மறுபடி கூப்பிட்டார், அவள் புத்தகங்களை நூலக ஜன்னலில் திரும்ப வைத்துவிட்டார்களாம்.

மலக்கி டூஹி